வெப்கேம்: அறையின் பெயர் கருவியின் பெயரான கதை

கணினித் திரையின் மேல்விளிம்பில் மிளகளவுக் கண்ணாடியாகப் பதிந்திருக்கும் கருவியை வெப்கேம் என்று அழைக்கிறோம். ஆங்கிலத்தில் வெப், கேமரா என்ற இரண்டு சொற்களை ஒட்டி, பின்னதன் வாலை நறுக்கியதால் உண்டான வடிவம் இது. அந்த நறுக்கல் ஆங்கிலத்தில் குழப்பம் தருவதில்லை. தமிழ் எழுத்தில் தருகிறது. ககரத்துக்கு நம்மிடம் ஒரே எழுத்துதான் என்பதால் 'கேம்' என்று எழுதியதைப் படக்கருவி என்றும் படிக்கலாம், விளையாட்டு என்றும் படிக்கலாம். 'வெப்கேம் அமைப்புகள்' என்ற தலைப்பை இணைய விளையாட்டைப் பற்றியது என்று ஒருவர் எண்ணிக்கொண்டால் பிழை அவருடையது அன்று. இந்தச் சொல்லுக்குத் தமிழ்ப் பெயர் தேடுவதற்கு மொழிப்பற்றோடு தெளிவும் ஒரு காரணம் என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

கேமரா என்பது இலத்தீனில் அறை. வளைந்த கூரையுடைய மாடத்தைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து அது இலத்தீனுக்கு வந்தது. இருட்டாக்கிய அறையின் சுவரில் சிறு துளையிட்டால் வெளியே உள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும் என்பதை அறிஞர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். பதினோராம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் அதை விரிவாக ஆராய்ந்தார். வானியலாளர் கெப்லர் 1604-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் அந்த ஏற்பாட்டைக் 'கேமரா அப்ஸ்கியூரா', அதாவது இருட்டறை, என்று குறித்தார். பின்னர் அறை பெட்டியாகச் சுருங்கியது, பெட்டி கைக்கு அடக்கமாயிற்று, 'இருட்டு' உதிர்ந்து 'அறை' மட்டும் பெயராக எஞ்சியது.

இதே சொல் வேறொரு வழியாகத் தமிழுக்குள் முன்பே வந்துவிட்டது. பழைய வீடுகளில் ஓர் அறையைக் 'காமிரா உள்' என்று சொல்லும் வழக்கை மூத்த தலைமுறையினரின் பேச்சிலும் பழைய கதைகளிலும் காணலாம். அந்தக் காமிரா போர்த்துகீசிய மொழியில் அறையைக் குறிக்கும் சொல். மேசை, சன்னல், அலமாரி, சாவி ஆகியவற்றோடு அதுவும் கப்பலேறி வந்தது. ஆகவே, சன்னலோரம் மேசை போட்டுக் காமிரா உள்ளில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பேசும் ஒருவரின் வாயில் ஒரே இலத்தீன் சொல் இரண்டு வடிவங்களில் புழங்குகிறது. ஈழத்தில் இன்றும் 'கமரா' என்றே எழுதுகிறார்கள்.

வெப் என்ற முற்பகுதிக்கு இவ்வளவு நீண்ட வரலாறு இல்லை. இவ்வகைக் கருவிகளில் முதலாவது என்று போற்றப்படுவது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் 'டிரோஜன் ரூம்' என்ற அறைக்கு வெளியே இருந்த காபிக் குடுவையை நோக்கி 1991-இல் நிறுத்தப்பட்ட படக்கருவி. மற்ற தளங்களில் வேலை செய்தவர்கள் படியேறி வந்து வெறுங்குடுவையைக் கண்டு திரும்புவதைத் தவிர்க்க, குவென்டின் ஸ்டாஃபோர்டு-பிரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் அதை ஆய்வகத்தின் உள்வலையமைப்பில் இணைத்தார்கள். படம் கறுப்பு வெள்ளை, நீள அகலம் 128 புள்ளிகள்தாம். அது வையக விரிவு வலைக்கு, அதாவது வெப்புக்கு, வந்தது 1993-இல்தான்; 2001 ஆகஸ்டு 22 அன்று அணைக்கப்பட்டது. 1994-இல் கனெக்டிக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த குவிக்கேம், இக்கருவியைத் தனிமனிதரின் மேசைக்குக் கொண்டுவந்தது. இன்று இந்தக் கருவி இணையமே இல்லாத கணினியிலும் வேலை செய்கிறது என்பதால், 'வெப்' என்பது அதன் தன்மையைச் சொல்லவில்லை, அது பெயர்பெற்ற காலத்தையே சொல்கிறது.

தமிழில் வலைப்படக்கருவி, இணையப் படக்கருவி, இணைய ஒளிப்படக்கருவி எனப் பல வடிவங்கள் உலவுகின்றன. 'வலை' மீன் வலையையும் சிலந்தி வலையையும் சேர்த்தே குறிக்கும் அழகான சொல்தான். ஆனால் 'வலைப்படக்கருவி' என்பதை வலைப்படத்துக்கான கருவி என்றும் பிரித்துப் படிக்க இடமிருக்கிறது. 'ஒளிப்படம்' நிலைப்படத்தையே நினைவூட்டும். இக்கருவியின் முதன்மை வேலையோ ஓடும் படம். ஆகவே பொதுவழக்குக்கு 'இணையப் படக்கருவி' என்பதே பொருத்தம் என்பது என் முடிவு. இணையத் தொடர்பு இல்லாத பயன்பாட்டைப் பேசும் இடத்தில் 'கணினிப் படக்கருவி' என்று எழுதினால் இன்னும் சரியாக இருக்கும்.

பெயரைக் காட்டிலும் கவலை தருவது அதன் அமைப்புப் பட்டியில் உள்ள சொற்களின் நிலை. முதலில் 'அட்ஜஸ்ட்' என்பதையே எடுத்துக்கொள்வோம். இதைச் 'சரிசெய்தல்' என்று பெயர்த்துவிடுகிறார்கள். 'கேமராவைச் சரிசெய்யவும்' என்று படிப்பவருக்குக் கருவி பழுதாகிவிட்டதாகத்தான் தோன்றும். விளக்கின் திரியையும் வானொலியின் ஒலியையும் நாம் சரிசெய்வதில்லை, கூட்டிக் குறைக்கிறோம். 'கூட்டு, குறை' என்ற இரண்டும் நகர்த்துகோலின் (ஸ்லைடர்) இரு முனைகளுக்கு அப்படியே பொருந்தும். பொதுத் தலைப்பாக 'அமைத்தல்' போதும்.

'எக்ஸ்போஷர்' என்பதற்கு 'வெளிப்பாடு' என்று போடுவது இதைவிடப் பெரிய பிழை. வெளிப்பாடு என்றால் உள்ளே இருப்பது வெளியே வருதல். இங்கே நடப்பதோ வெளியே உள்ள ஒளி உள்ளே வந்து உணரியின் (சென்சார்) மேல் படுதல். 'ஒளிபடு நேரம்' என்றால் சொல்லிலேயே விளக்கம் அடங்கிவிடும். நொடிக்கு 30 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) தரும் கருவியில் ஒரு சட்டகத்துக்கு ஒளிபடு நேரம் 1/30 நொடியைத் தாண்ட முடியாது. அறை மங்கலாக இருந்தால் தானியங்கி முறை அந்த நேரத்தை நீட்டுகிறது. நீட்டினால் சட்டகங்கள் குறைந்து, கையை அசைக்கும்போது படம் தீற்றலாகிறது. விண்டோசில் இந்த அளவு -5, -6, -7 என்று குறை எண்களில் தெரிவதைக் கண்டு பலர் திகைக்கிறார்கள். அவை இரண்டின் அடுக்குகள்: -5 என்றால் 1/32 நொடி, -6 என்றால் 1/64 நொடி. எண் ஒன்று இறங்கினால் ஒளி பாதியாகும்.

இதற்கு அண்டையில் இருக்கும் 'கெயின்' என்பதை ஆதாயம் என்றால் வணிகமாகிவிடும். இயற்பியல் பாடநூல்களில் வழங்கும் 'பெருக்கம்' இதற்கு உகந்தது. உணரி தரும் மின்குறிகையைப் பெருக்கும்போது இரைச்சலும் சேர்ந்து பெருகும் என்பதால், மாலைநேர அழைப்பில் முகத்தின் மேல் மணல் தூவியதுபோல் புள்ளிகள் ஊர்கின்றன. பெருக்கத்தைக் குறைத்து, முகத்துக்கு எதிரே ஒரு விளக்கை வைப்பதே தீர்வு. 'பிரைட்னஸ்' எனப்படும் பொலிவைக் கூட்டுவது எதற்கும் உதவாது, ஏனெனில் அது எடுத்து முடித்த படத்தை வெளுக்க மட்டுமே செய்கிறது.

பட்டியில் 'பவர் லைன் ஃபிரீக்வென்சி' என்று ஒன்று உண்டு. 'மின்வழி அதிர்வெண்' என்பது நல்ல தமிழ். ஆனால் மின்கம்பத்துக்கும் படக்கருவிக்கும் என்ன உறவு என்று அந்தச் சொல் விளக்காது. இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது; பழைய குழல்விளக்கும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கருவி 60 என்ற அமைப்பில் இருந்தால், அதன் ஒளிபடு நேரம் இந்த மினுக்கத்தோடு ஒத்துவராமல் வெளிர்சுவரின் மேல் கரும்பட்டைகள் மெல்ல மேலேறுகின்றன. என் மேசையில் இந்தப் பட்டைகளைத் திரையின் பழுது என்று நினைத்து வடத்தை மாற்றிப் பார்த்தேன். 50 என்று மாற்றியதும் ஒரே நொடியில் சுவர் தெளிந்தது. 'மினுக்கத் தடுப்பு' என்று பெயரிட்டிருந்தால் வடத்தைத் தொட்டிருக்க மாட்டேன்.

'ரெசல்யூஷன்' என்பதைத் தெளிவுத்திறன் என்பது வழக்காகிவிட்டது. 1920-க்கு 1080 என்பது எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு மட்டுமே. வில்லையில் விரல்ரேகை படிந்திருந்தால் அத்தனை புள்ளிகளும் தெளிவற்றவைதாம். 'படப்புள்ளி அளவு' என்று நேராகச் சொல்லிவிடலாம். 'ஃபோகஸ்' என்பதற்குக் 'குவியம்' நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை.

'ஒயிட் பேலன்ஸ்' என்பதற்கு 'வெண்சமநிலை' உண்டு. 'வெண்ணிறச் சமன்' என்பது காதுக்கு இன்னும் இணக்கமாகப் படுகிறது. மஞ்சள் குண்டுவிளக்கின் கீழும் நம் கண் வெள்ளை வேட்டியை வெள்ளையாகவே காண்கிறது. கருவிக்கு எது வெள்ளை என்று சொல்லித் தர வேண்டும். அந்த அளவு, ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் அலகில் வரும்: குண்டுவிளக்குக்கு 2700-ஐ ஒட்டி, பகலொளிக்கு 5500-ஐ ஒட்டி. நகர்த்துகோலில் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகும், குறைத்தால் நீலம் பாரிக்கும். தானியங்கியை அணைத்து, ஒரு வெள்ளைத்தாளை முகத்தருகே பிடித்துக்கொண்டு, அது திரையிலும் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் கோலை நிறுத்திவிட்டால், மாலையில் விளக்கு மாறும் வரை அதைத் தொட வேண்டியிராது.