பறக்கும் ராக்கெட்டில் மோட்டாரின் உந்துவிசையைக் கணக்கிடுவது

ஆர்வலர்கள் உருவாக்கும் ராக்கெட்டுகளின் பறப்புப் பதிவுகளை ஆராயும்போது ஒரே பிழையை அடிக்கடி காண்கிறேன்: முடுக்கமானி (முடுக்கத்தை அளக்கும் கருவி) காட்டிய எண்ணை ராக்கெட்டின் நிறையால் பெருக்கி, வந்த விடையையே மோட்டாரின் உந்துவிசை என்று எழுதிவிடுகிறார்கள். அந்த விடை மிகையாக இருந்து, அதை நம்பி அடுத்த முறை கூடுதல் சுமை ஏற்றினால், ஏவுதண்டை (புறப்படும்போது ராக்கெட்டை நேராக வழிநடத்தும் கம்பியை) விட்டு விலகும்போது ராக்கெட்டுக்குப் போதிய வேகம் இருக்காது. அது சாய்ந்து, ஆட்கள் நிற்கும் பக்கமே பாயக்கூடும்.

முடுக்கமானி புவியீர்ப்பை உணர்வதில்லை. மற்ற விசைகளின் விளைவை மட்டுமே உணர்கிறது. அசையாமல் செங்குத்தாக நிற்கும் ராக்கெட்டிலும் அது 9.8 மீ/வி² காட்டுவது, கீழிருந்து தாங்கும் விசையை அது உணர்வதால்தான். பறப்பில் அது காட்டுவது, உந்துவிசையிலிருந்து காற்றின் இழுவையைக் கழித்து நிறையால் வகுத்த அளவு. ஆகவே நிறையை அளவீட்டால் பெருக்கி இழுவையைக் கூட்டினால் உந்துவிசை கிடைக்கும். ஈர்ப்பைத் தனியே சேர்க்கக் கூடாது. 4 கிலோ ராக்கெட் புறப்பட்டவுடன் 80 மீ/வி² பதிவானால் உந்துவிசை 320 நியூட்டன். ஈர்ப்பையும் சேர்த்தவருக்கு 359 வரும், அதாவது 12 விழுக்காடு மிகை. ஆனால் சில பதிவுக் கருவிகள் ஏவுமுன் அளவைச் சுழியமாக்கிவிடும், அவற்றில் 9.8-ஐச் சேர்த்தே ஆக வேண்டும். உங்கள் கருவி எந்த வகை என்பதை ஏவுவதற்கு முந்தைய சில நொடிப் பதிவே காட்டிவிடும்.

நிறையும் நிலையானதன்று. 4 கிலோவில் 0.6 கிலோ எரிபொருள் என்றால், எரிவின் இறுதியில் தொடக்க நிறையையே பயன்படுத்துபவர் கிட்டத்தட்ட 18 விழுக்காடு மிகையாகக் கணக்கிடுவார். எரிபொருள் குறையும் வேகம் உந்துவிசைக்கு நேர்விகிதத்தில் இருப்பதாகக் கொண்டு, கணக்கை ஓரிரு சுற்று திரும்பச் செய்தால் போதுமான துல்லியம் கிடைக்கும். பறப்புக்கு முன்னும் பின்னும் ராக்கெட்டை நிறுத்துப் பார்ப்பது அவசியம், ஏனெனில் எரிபொருளோடு மோட்டாரின் உட்பூச்சும் ஓரளவு கரிந்து வெளியேறுகிறது.

இழுவைதான் உண்மையில் கடினமான பகுதி. 75 மி.மீ. விட்டமும் 0.5 இழுவைக் கெழுவும் (வடிவத்தைப் பொறுத்து இழுவை எவ்வளவு என்று காட்டும் எண்) உள்ள ராக்கெட் தரைமட்டக் காற்றில் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் செல்லும்போது இழுவை ஏறத்தாழ 53 நியூட்டன். உந்துவிசை தணியும் தறுவாயில் இதைப் புறக்கணிக்கவே முடியாது. நல்வாய்ப்பாக, எரிவு முடிந்து ராக்கெட் தன் வேகத்திலேயே மேலேறும் சில நொடிகளில் முடுக்கமானி காட்டுவது முழுக்க இழுவை மட்டுமே என்பதால், அப்பகுதியிலிருந்து இழுவைக் கெழுவைக் கண்டறிந்து எரிவுக் காலத்துக்குப் பயன்படுத்தலாம். எரியும்போது வெளியேறும் வாயு ராக்கெட்டின் பின்புறத் தாழழுத்தத்தைக் குறைப்பதால் அப்போதைய இழுவை சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதையும், ஒலிவேகத்தை நெருங்கும்போது கெழு ஏறிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. அளவீடு சுழியத்தைத் தொடும் கணத்தை எரிவின் முடிவாகக் கொள்வதும் தவறு. உந்துவிசையும் இழுவையும் சமமாகும் கணம் அது, மோட்டார் அதன் பிறகும் சிறிது எரியும்.

கருவி சற்றுச் சாய்ந்திருப்பதைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். 5 பாகை சாய்வு தரும் பிழை அரை விழுக்காட்டுக்கும் குறைவே. சுழியப் பிழைதான், அதாவது எல்லா அளவீட்டிலும் ஒரே அளவில் கூடியோ குறைந்தோ வரும் பிழைதான், ஆபத்தானது: 1 மீ/வி² பிழை, அளவீடுகளிலிருந்து கணக்கிடும் வேகத்தை 10 நொடியில் நொடிக்கு 10 மீட்டர் பிறழச் செய்யும். கருவியை நிமிர்த்தியும் தலைகீழாகவும் வைத்துப் பார்த்தால் அதைத் திருத்திவிடலாம்.

இவ்வளவும் செய்து பெற்ற மொத்தக் கணத்தாக்கு (எரிவு முழுவதும் உந்துவிசையை நேரத்தோடு பெருக்கிக் கூட்டிய அளவு), மோட்டாரை அசையாமல் பொருத்தித் தரையில் செய்த நிலைச் சோதனையோடு ஒத்தும், எரிநேரம் மட்டும் நீண்டு உச்ச உந்துவிசை குறைந்தும் இருந்தால், மோட்டார் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். குளிர்ந்த திட எரிபொருள் மெதுவாகவே எரியும். ஆகவே ஏவும்போது மோட்டார் இருந்த வெப்பநிலையையும் பதிவோடு சேர்த்து எழுதி வையுங்கள்.