கையால் காட்டினால் பேச்சு வராதா?

"கையைக் காட்டிப் பழக்கிட்டா, அப்புறம் வாயே திறக்க மாட்டான் டாக்டரம்மா."

மேலூர்ப் பக்கத்திலிருந்து பேரனை அழைத்து வந்த தாத்தா சொன்னது இது. (நான் டாக்டர் இல்லை, பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். மதுரையில் எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பட்டம் மட்டும் போக மாட்டேன் என்கிறது.) பேரனுக்கு நான்கு வயது, ஆட்டிசம். பேச்சு வரவில்லை. கேட்டது கிடைக்காவிட்டால் சுவரில் போய்த் தலையை முட்டுவான். படங்களையும் சைகைகளையும் வைத்துத் தொடங்கலாம் என்றேன். அதற்குத்தான் இந்தப் பதில்.

இந்தப் பயம் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, வலுவான சான்று உள்ள 27 பேரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தது. சைகை, படம் போன்ற மாற்று வழிகளைப் பழகியதால் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தது. கொட்டித் தீர்க்கிற அளவுக்கு இல்லை, கொஞ்சம்தான். ஆனாலும் கூடியிருந்தது.

தாத்தாவிடம் இந்தக் கணக்கெல்லாம் சொல்லவில்லை. "பந்தியில சோறு போதும்னா என்ன செய்வீங்க ஐயா?" என்று கேட்டேன். இல்லாத இலைக்கு மேலே கையைக் குறுக்கே நீட்டினார். "அப்படிக் காட்டுனதால உங்களுக்குப் பேச்சு போயிருச்சா?" சிரித்துவிட்டார்.

நாம் எல்லோருமே சைகையிலும் சின்னத்திலும் வாழ்கிறவர்கள்தான். சண்டை என்றால் சுண்டுவிரலில் 'காய்', சமாதானம் என்றால் இரண்டு விரலில் 'பழம்'. பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் முகப்பு பிங்க்காக இருந்தால் காசு வேண்டாம் என்று தெரியும். 1951-52 பொதுத்தேர்தலில் எழுத்தறியாத கோடிக்கணக்கானோர் சின்னத்தைப் பார்த்துத்தான் ஓட்டுப் போட்டார்கள். பேச முடியாத பிள்ளைக்கு மட்டும் இது குறுக்குவழி என்று ஏன் தோன்றுகிறது?

1970-களில் இங்கிலாந்தில் மார்கரெட் வாக்கர் என்ற பேச்சுப் பயிற்சியாளர் உருவாக்கிய முறை மகாட்டன். மார்கரெட், கேத்தி, டோனி என்ற மூவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. முழு வாக்கியத்தையும் வாயால் சொல்ல வேண்டும், முக்கியமான சொல்லுக்கு மட்டும் கையும் சேர வேண்டும். பேச்சை நிறுத்திவிட்டுச் சைகை செய்வதில்லை. சைகைகளை அந்தந்த நாட்டுக் காது கேளாதோரின் சைகை மொழியிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள்.

படங்களில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் இன்னொரு பையனுக்கு, இணையத்தில் கிடைத்த பட அட்டைகளை அப்படியே அச்செடுத்துக் கொடுத்தேன். 'கழிவறை' அட்டையில் வெளிநாட்டுக் கம்மோடு. அந்தப் பையன் வீட்டில் இருந்ததோ குந்தி உட்காரும் கழிவறை. ஒரு மாதம் அவனுக்கு அந்த அட்டை என்னவென்றே புரியவில்லை, தினமும் டிரவுசர் நனைந்தது. 'தண்ணீர்' அட்டையில் கண்ணாடி டம்ளர். அவன் குடிப்பது எவர்சில்வர் சொம்பில். கடைசியில் அவன் அம்மாவே செல்போனில் அந்தச் சொம்பைப் படம் எடுத்தார், நசுங்கிய விளிம்போடு. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்தோம். மூன்றாம் நாள் அவனே அந்த அட்டையை எடுத்து அம்மா கையில் வைத்தான்.

அட்டையை நீட்டி "இது என்ன, சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். நீங்கள் தண்ணீர் குடிக்கும்போது நீங்களே அட்டையைத் தொட்டு "தண்ணி" என்று சொல்லுங்கள். பிள்ளை பார்க்கட்டும். பீரோவில் பூட்டி வைத்து விருந்தாளி வந்தால் எடுக்கிற பொருள் இல்லை அது. டேப்லெட் வாங்க வசதி இருந்தால், சென்னையில் உருவான ஆவாஸ் செயலி இருக்கிறது, படத்தைத் தொட்டால் தமிழிலும் பேசும். இல்லாவிட்டால் அட்டையே போதும்.

பெரியவர்களுக்கும் இது உதவும். பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு "அது... அது" மட்டும்தான் வந்தது. வீட்டில் குழந்தையிடம் பேசுவதுபோல அவரிடம் பேசினார்கள். ஒரு நோட்டில் குடும்பத்தார் முகங்கள், டீ, மாத்திரை, கடை, சாவி என்று படங்களை ஒட்டிக் கொடுத்தோம். முதல் நாளே கடையைத் தொட்டார், அடுத்துச் சாவியை, பிறகு மகனை நிமிர்ந்து பார்த்தார். கடையை யார் திறக்கிறார்கள் என்று கேட்கிறார்! இரண்டு மாதமாக அதை அவரிடம் யாரும் சொல்லவே இல்லை.

மேலூர்ப் பையனுக்கு 'வேண்டாம்' அட்டை கொடுத்தபோது தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை. "இதைக் கொடுத்தா எல்லாத்துக்கும் வேண்டாம்னுருவானே!" சொல்லட்டும், சுவரில் முட்டுவதற்கு அது மேல் என்றேன். அடுத்த வாரம் மணிகளைக் கோர்க்கும் பயிற்சிக்கு உட்கார்ந்தோம். கால்மணி நேரம் ஆகியிருக்கும். அட்டையை எடுத்து என் நோட்டின் மேல் வைத்தான், மணிகளை டப்பாவில் போட்டு மூடினான், தாத்தாவின் கையைப் பிடித்து வாசலைப் பார்த்து நடந்துவிட்டான்.

அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான்.