அம்யூலெட் என்றால் பதக்கமா?

ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் ஒரு ரோமானியக் கல்லறையில் வெள்ளி 'அம்யூலெட்' கிடைத்த செய்தியைத் தமிழில் படிக்கும்போதெல்லாம் 'வெள்ளிப் பதக்கம்' என்றே வருகிறது. ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம், இது நாலாவது தடவை. ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவருடைய கல்லறையையா தோண்டினார்கள்?

விஷயம் இதுதான். இன்றைய பிராங்க்பர்ட் இருக்கும் இடத்தில் நிடா என்ற ரோமானிய ஊர் இருந்தது. அதன் இடுகாட்டில் 2018-இல் ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. தாடைக்குக் கீழே 3.5 செ.மீ. அளவில் ஒரு வெள்ளிக் குப்பி, அதற்குள் சுருட்டிவைத்த மெல்லிய வெள்ளித் தகடு. காலம் கி.பி. 230-க்கும் 270-க்கும் இடையில். தகட்டைப் பிரித்தால் பொடிந்துவிடும் என்பதால் 2024-இல் சி.டி. ஸ்கேன் எடுத்து, சுருளைக் கணினியிலேயே விரித்துப் படித்தார்கள். 18 வரி, லத்தீன். பவுலின் சீடரான புனித தீத்துவின் பெயர் வருகிறது, 'பரிசுத்தர்' என்று மூன்று முறை வருகிறது, இயேசுவின் நாமத்தில் முழங்கால் எல்லாம் முடங்கும் என்ற விவிலியத்தின் பிலிப்பியர் நிருப வசனத்தில் முடிகிறது.

அம்யூலெட் லத்தீன் சொல், பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினியே எழுதியிருக்கிறார், அதற்கு முந்திய வேர் தெளிவில்லை. அதை விடுங்கள்.

பதக்கம் நாலு பேர் பார்க்க அணிவது. இதில் இருந்த எழுத்தையோ எவரும் படிக்கவே கூடாது, உள்ளே சுருட்டி அடைத்தாகிவிட்டது. தகட்டில் எழுது, சுருட்டு, குப்பியில் போடு, கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டு. நம் ஊரில் காய்ச்சல் கண்ட குழந்தைக்குக் கட்டுவதும் இதே பொருள்தானே, அதன் பெயர் தாயத்து. இதைச் சொன்னதும் மாதா கோயிலுக்குத் தவறாமல் போகும் நண்பர் ஒருவர் முகம் சுளித்தார்: "அது மந்திரவாதி கட்டுறதுப்பா, கிறிஸ்தவனுக்கு எப்படி?" சரி, ஆனால் நாலாம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய ஆயர்கள் சங்கம், குருக்களே இதைச் செய்துகொடுக்கக் கூடாது என்று தடை போட்டது. யாரும் செய்யாததற்கா தடை போடுவார்கள்? பெயரை மாற்றிவிட்டால் அந்த மனிதரின் பழக்கம் மாறிவிடாது. நண்பர் சொன்ன மாற்று 'உத்தரியம்'. அது கத்தோலிக்கர் அணியும், தோளில் தொங்கும் துணி, காலமும் வேறு, உள்ளே அடைத்த எழுத்தும் கிடையாது.

அப்புறம் தனித்தமிழ் அன்பர்கள். தாயத்து உருது வழி வந்ததாம், ஆகவே 'காப்பு' என்றே எழுத வேண்டுமாம். சொல் அழகானது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். லவோதிக்கேயா தடையில் வரும் கிரேக்கச் சொல் பிலாக்டேரியன், அதற்கும் காப்பது என்றுதான் பொருள். மத்தேயு நற்செய்தியில் பரிசேயர்கள் என்ற யூதப் பிரிவினர் அகலமாக்கிக்கொள்ளும் அதே சொல்லைப் பழைய தமிழ் விவிலியம் 'காப்புநாடா' என்று தந்தது, அருமையான மொழிபெயர்ப்பு. ஆனால் அவர்கள் நாடா என்று ஒட்டுப் போட்டதைக் கவனியுங்கள். வெறும் காப்பு என்றால் இன்றைக்கு வளையல்தான் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் அம்மன் கோயில் திருவிழாவில் மஞ்சள் கட்டிய கை. எலும்புக்கூட்டின் தாடையடியில் காப்பு கிடந்தது என்று எழுதினால் வாசகர் குழம்பமாட்டாரா? தமிழிலேயே வேண்டுமென்றால் 'தாலி'யும்தான் இருக்கிறது. புறநானூறு 77-இல் இளம் பாண்டியன் இன்னும் களையாத தாலி, பிள்ளைக்குக் காவலாகக் கட்டியதுதான். அதற்காக ரோமானியன் கழுத்தில் தாலி என்று தலைப்புப் போட முடியுமா?

எனவே தாயத்து. உள்ளே இருந்ததற்குத் தகடு என்றே சொல்லலாம், முன்னால் 'மந்திர' சேர்க்காமல். எழுதியவருக்கு அது ஜெபம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஆல்ப்ஸுக்கு வடக்கே கிடைத்த மிகப் பழைய கிறிஸ்தவச் சான்று இது என்று ஆய்வாளர்கள் சொன்னதை ஒருவர் 'ஆல்ப்ஸ் மலையில் கிடைத்த பதக்கம்' என்று எழுதிவிட்டார். பிராங்க்பர்ட்டில் ஏதப்பா மலை?