'போசணை அடர்த்தி' எதன் அடர்த்தி?

பால்மா விளம்பரம் தொடங்கி சுகாதாரத் துண்டுப்பிரசுரம் வரை கொழும்பில் 'போசணை அடர்த்தி மிக்கது' என்ற தொடர் இடம்பிடித்துவிட்டது. நியூட்ரியன்ட் டென்சிட்டி என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த பிழை இது.

பாடசாலை விஞ்ஞானத்தில் அடர்த்தி என்றால் திணிவைக் கனவளவால் வகுப்பது. இங்கே கனவளவுக்கு வேலையே இல்லை. உணவு தரும் கலோரிக்கு எவ்வளவு போசணை கிடைக்கிறது என்பதே கணக்கு. 100 கிராமிலுள்ள அளவை அந்த 100 கிராமின் கலோரியால் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும்.

சொல் பிழைத்தால் முடிவும் பிழைக்கும். முழு ஆடைப் பால்மா 100 கிராமில் கல்சியம் ஏறத்தாழ 910 மில்லிகிராம், பசும்பாலில் 113. 'அடர்த்தி' என்று வாசித்தவர் பால்மா எட்டு மடங்கு மேல் என்றுதான் எண்ணுவார். ஆனால் பால்மாவில் 496 கலோரி, பாலில் 61. வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் 100 கலோரிக்குச் சுமார் 185 மில்லிகிராம்தான். போனது நீர் மட்டுமே. ஆடை நீக்கிய பால்மாவில் கொழுப்பின் கலோரி இல்லாததால் அது 350ஐ நெருங்கும். உலர்ந்த மைசூர்ப் பருப்பு 100 கிராமில் இரும்பு 7 மில்லிகிராம், முளைக்கீரையில் 2.3, 100 கலோரிக்கு என்று கணக்கிட்டால் பருப்புக்கு 2, கீரைக்கு 10. (அந்த 100 கலோரியைப் பெற 400 கிராமுக்கு மேல் கீரை வேண்டும், அதன் இரும்பு முழுவதும் உடலில் சேராது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.)

'போசணைச் செறிவு' என்று திருத்துவோரும் உண்டு. அது இன்னும் மோசம். இரசாயனத்தில் செறிவு என்பது கரைசலுக்கு உரியது. கடையிலோ 'செறிவூட்டப்பட்ட மா' என்றால் விற்றமினும் இரும்பும் வெளியிலிருந்து சேர்த்த மா. கீரையில் யார் எதைச் சேர்த்தார்கள்? 'கலோரிவீதப் போசணை' என்று எழுதினால் எதை எதனால் வகுப்பது என்பது சொல்லிலேயே தெரியும்.

போசணை வடசொல், ஊட்டச்சத்தே தூய தமிழ் என்று வாதிடுவோர், 'சத்து' எங்கிருந்து வந்தது என்றும் பார்க்கட்டும். ஊட்டு என்பது உண் என்பதன் பிறவினை, தமிழ்தான், சத்து வடமொழி. பாதித் தூய்மைக்காக இலங்கைப் பாடநூல்களில் நிலைத்த சொல்லைக் கைவிடத் தேவையில்லை. ரெக்கமண்டேஷன் என்பதற்குத் தமிழ்நாட்டில் வழங்கும் 'பரிந்துரை'யும் அப்படித்தான் இங்கே நுழைகிறது. பரிந்து பேசுவது ஒருவருக்காக வாதாடுவது. விதந்து கூறுவது குறிப்பிட்டு எடுத்துச் சொல்வது. உணவு அளவுக்கு நம்முடைய 'விதந்துரை' பொருந்துகிறது.

ஆகவே ஒரு போசணையை நாளொன்றுக்கு எவ்வளவு பெற வேண்டும் என்று சொல்லும் அளவுக்குப் பெயர் 'விதந்துரைக்கப்பட்ட நாளாந்த உள்ளெடுப்பு'. நீளம்தான், ஆனால் சரி. இதைச் சுருக்கிக் 'குறைந்தபட்ச நாளாந்தத் தேவை' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் பொருளையே தலைகீழாக்குகிறார்கள். ஆரோக்கியமானோரில் 97 முதல் 98 சதவீதத்தினருக்குப் போதுமாக, சராசரித் தேவைக்கு மேலே வைக்கப்படும் அளவு அது. அமெரிக்க அட்டவணையில் 19 முதல் 50 வயதுப் பெண்களுக்கு இரும்பு 18 மில்லிகிராம். அவர்களில் பாதிப்பேருக்கு 8.1 போதும். 18ஐக் குறைந்தபட்சம் என்று அச்சிட்டால், 12 பெறும் பெண் தனக்குக் குறைபாடு என்று தானே முடிவுகட்டி மாத்திரை வாங்குவார். நாளொன்றுக்கு மீறக்கூடாத உச்ச எல்லை 45 மில்லிகிராம் என்பதையும் அதே வரியில் அச்சிட வேண்டும்.