பத்து நிமிடம் கையை எடுக்காதீர்கள்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது அந்த இடுக்கில் பைக் ஓட்டிப் பழகியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சறுக்க ஒரு நொடி போதும். ஒரு மழை நாளில் திருவொற்றியூர் பக்கம் என் கண்முன்னே ஒரு பையன் அப்படித்தான் விழுந்தான். முன்னங்கை நீளமாகக் கிழிந்து ரத்தம் கொட்டியது. உடனே கூட்டம் கூடிவிட்டது. டீக்கடையிலிருந்து காபித்தூள் வந்தது, ஒருவர் சோடாவோடு ஓடி வந்தார், இன்னொருவர் நைலான் கயிறு ஒன்றை எடுத்து அவன் முழங்கைக்கு மேலே கட்டினார். எல்லோருமே நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் கயிறு கட்டிய பிறகு ரத்தம் முன்பைவிட அதிகமாக வந்தது.

ஏன்? இதயத்திலிருந்து தமனி வழியாக ரத்தம் வேகத்தோடு கைக்கு வருகிறது, சிரை வழியாக மெதுவாகத் திரும்பிப் போகிறது. தமனி ஆழத்தில் இருக்கும், சுவரும் தடிமன். சிரை மேலாகவே ஓடும், மெல்லிசு. அரைகுறையாக இறுக்கினால் சிரை மட்டும் அடைபடும். வருகிற வழி திறந்திருக்கிறது, போகிற வழி மூடிவிட்டது, அப்புறம் அந்த ரத்தம் காயத்தின் வழியாகத்தான் வெளியே வரும்.

அப்போது ஓர் ஆட்டோ அண்ணன் வந்து கயிற்றை அவிழ்த்துவிட்டு, தன் துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். "எடுத்து எடுத்துப் பாக்காதீங்கபா" என்று ஒரே வார்த்தை. முதலுதவியில் பாதி அந்த வார்த்தையில் இருக்கிறது, அதன் காரணத்தைத்தான் சொல்ல வந்தேன்.

ரத்தக்குழாய் அறுந்ததும் முதலில் அதுவே சுருங்கிக்கொள்கிறது. அடுத்து வருவது தட்டணுக்கள். டெங்கு வந்த வீட்டில் பிளேட்லெட் என்று தினமும் எண்ணிக்கை கேட்போமே, அதேதான். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை இருக்கும். கிழிந்த குழாயின் சுவரிலுள்ள கொலாஜன் என்ற நார் வெளியே தெரிந்ததும் இவை அதில் ஒட்டிக்கொண்டு, ஒன்றையொன்று கூப்பிட்டுக் குவிந்து ஓட்டையை அடைக்கின்றன. ஆனால் அந்த அடைப்பு தளர்வானது, தட்டினால் போய்விடும். அதை உறுதியாக்க, ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தை திராம்பின் என்ற நொதி வெட்டி ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. காசிமேட்டு வலையில் மீன் சிக்குவது போல சிவப்பணுக்கள் அந்த இழைகளில் சிக்கிக்கொள்ளும். கடைசியில் இன்னொரு நொதி வந்து இழைக்கு இழை முடிச்சுப் போடுகிறது.

இதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். ரத்தம் வேகமாக ஓடிக்கொண்டே இருந்தால் தட்டணுவும் திராம்பினும் சேர்ந்த இடத்தில் நிற்காமல் அடித்துக்கொண்டு போய்விடும். நாம் அழுத்தும்போது ஓட்டம் குறைகிறது, வலை பின்ன நேரம் கிடைக்கிறது. நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கிப் பார்த்தால் பாதி பின்னிய வலை துணியோடு வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. அதனால் கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி வையுங்கள். கண்ணாடியோ கம்பியோ குத்தி நின்றால் பிடுங்காமல் சுற்றி அழுத்த வேண்டும். கை காலில் ரத்தம் பீய்ச்சியடித்து, அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மட்டும், நாலு விரல் அகலத் துணியால், காயத்தின் மீது அல்ல, அதற்குச் சற்று மேலே உடம்புப் பக்கமாக, ரத்தம் முழுதாக நிற்கும்வரை இறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, இடையில் அவிழ்க்காமல் கொண்டுபோக வேண்டும்.

காபித்தூள் மேலே இருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிறது, அதனால் நின்றது போலத் தெரியும், அடியில் நிற்காது. கிருமி உள்ளே போகும், மருத்துவர் அதைக் கழுவி எடுத்த பிறகுதான் தையலே போட முடியும். மஞ்சளும் அப்படித்தான்.

அந்தப் பையன் "தாகமா இருக்கு" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ரத்தம் குறையும்போது உடம்பு நீருக்குத் தவிக்கும், அதனால் அந்தத் தாகமே ஓர் அறிகுறி. பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். முக்கால் லிட்டர் போனாலும் வெளியே பெரிதாகத் தெரியாது. அதற்கு மேல் போகும்போது நாடி வேகமாகும், முகம் வெளுக்கும், உடம்பு சில்லென்று வியர்க்கும். தொடை எலும்பு உடைந்தால் ஒரு சொட்டு வெளியே வராமலே ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே தேங்கலாம், ஆகவே எழுந்து உட்கார்ந்து பேசுகிறார் என்பதற்காக வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். சோடா கேட்டால் மனசு கேட்காதுதான், ஆனாலும் கொடுக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது எதுக்களித்து நுரையீரலுக்குள் போய்விடலாம்.

இன்னொன்று, குளிர். உறைவிக்கும் நொதிகள் உடம்புச் சூட்டில்தான் ஒழுங்காக வேலை செய்யும். சென்னையில் என்ன குளிர் என்று தோன்றலாம், ஆனால் மழையில் நனைந்து ரத்தமும் இழந்த உடம்பு சீக்கிரம் சூடு இழக்கும். ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு லுங்கியோ போர்வையோ போர்த்துங்கள்.

இதற்குள் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பீர்கள், ஸ்டான்லிக்கோ வேறு ஆஸ்பத்திரிக்கோ போனதும் அடிபட்ட நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். உடம்பு தான் பின்னிய வலையைத் தானே கரைக்கவும் செய்யும், பெரிய விபத்தில் அது அளவு மீறிப் போகும். அதைத் தடுக்கிற டிரானெக்சாமிக் அமிலத்தை ஜப்பானில் உடாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவரும் கண்டுபிடித்தார்கள். 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு, அந்த விலை குறைந்த மருந்து உயிரைக் காக்கிறது என்று காட்டியது. ஆனால் அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும், தாண்டினால் பலன் இல்லை, கெடுதலும் ஆகலாம். ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவரா என்பதையும் சொல்லுங்கள், ஒரு முறை ஆஸ்பிரின் பட்ட தட்டணு அதன் ஆயுள் முடியும்வரை, அதாவது ஒரு வாரம் பத்து நாள், சரியாக ஒட்டாது.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம், தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும். போலீஸ் கேஸ் ஆகுமே என்கிற பயமும் வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது, பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. அந்த ஆட்டோ அண்ணன் பெயர் சொல்லாமல்தான் போனார், ரத்தம் ஊறிய துண்டை மட்டும் அவன் கையிலேயே விட்டுவிட்டு.