பிளாட்பாரம் சரியில்லையா? பகுதி சபைக்கு டேப்போடு போங்கள்

மாநகராட்சி மன்றக் கூட்டத்தில் பேசுவது கவுன்சிலர்கள். வார்டுக்காரர்கள் எழுந்து பேசுவதற்கென்று விதிப்படி உள்ள இடம் பகுதி சபை. ஏரியா சபை என்றும் சொல்வார்கள். ஊர்ப்பக்கம் கிராம சபை எப்படியோ, நகரத்துக்கு இது. தமிழக அரசு 2022-ல் இதற்கு விதிகள் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதல்வராக ஸ்டாலினே வந்திருந்தார்.

ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் நீங்களும் சபையில் ஒருவர். யாருடைய சிபாரிசும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். ஆனால் எப்போது, எங்கே என்ற நோட்டீஸ் பல இடங்களில் கண்ணிலேயே படாது. கவுன்சிலர் ஆபீசுக்கோ வார்டு உதவிப் பொறியாளருக்கோ போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

முதல் தடவை போனபோது நான் எழுந்து, "பிளாட்பாரத்துல நடக்கவே முடியல சார்" என்றேன். "பாக்கறோம்மா" என்றார்கள். அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துக்கு முந்தின நாள் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். அம்மாவின் சக்கர நாற்காலி 66 செ.மீ. அகலம். இபி பில்லர் பாக்ஸுக்கும் (தெருவோரம் நிற்கும் மின்வாரியப் பெட்டி) காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே இருந்தது 58 செ.மீ. இந்த இரண்டு அளவுகளையும் பக்கத்துக் கடையின் கதவு எண்ணோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததும் பொறியாளர் பேனாவை எடுத்தார். குறை என்றால் கேட்டுக்கொள்வார்கள்; அளவு என்றால் எழுதிக்கொள்வார்கள்.

எதோடு ஒப்பிட்டு அளப்பது? சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு வெளியிட்ட ஐஆர்சி 103 வழிகாட்டியில் விவரம் இருக்கிறது. நடக்கும் இடம் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் தடையில்லாமல் இருக்க வேண்டும். மரக்கிளை, போர்டு, கேபிள் எதுவும் அதற்குள் தொங்கக் கூடாது. பிளாட்பாரத்தின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் வர வேண்டும். அதாவது 15 செ.மீ. ஏற 1.8 மீட்டர் நீளம். நம் தெருக்களில் இரண்டடியில் ஒரு சறுக்குமரம் கட்டிவிட்டு ரேம்ப் என்கிறார்கள். பின்னால் தள்ளுகிறவருக்குத்தான் தெரியும் அதன் அருமை.

பைக் ஏறாமல் இருக்க நட்டு வைக்கும் குட்டைத் தூண்கள் இன்னொரு தலைவலி. சக்கர நாற்காலி சிரமமில்லாமல் நுழைய 90 செ.மீ.யாவது வேண்டும். அந்த இடைவெளியில் பைக்கும் நுழைந்துவிடும் என்பதும் உண்மைதான். அதற்காக நாற்காலிக்காரரை ரோட்டில் இறக்கிவிடுவது எந்த ஊர் நியாயம்? பைக்கைத் தடுக்க வேண்டியது போக்குவரத்து போலீஸ். பார்வையற்றவர்களுக்காகப் பதித்த மஞ்சள் புடைப்பு டைல்ஸ் நேராகப் போய் ஒரு மரத்திலோ கம்பத்திலோ முட்டி நின்றால் அதையும் போட்டோ எடுங்கள். அது இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

சாலை யாருடையது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். சென்னையில் உள்தெருக்கள் மண்டல அலுவலகத்தின் பொறுப்பு. பஸ் போகும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனித் துறை உண்டு. சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. பில்லர் பாக்ஸ் மின்வாரியத்துடையது. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டும்போது "சரி, அவங்களுக்கு நீங்களே கடிதம் எழுதுங்க, அதைத் தீர்மானத்துல சேருங்க" என்று கேளுங்கள். சென்னைக்காரர்கள் 1913-க்கும் போன் போட்டுப் புகார் எண் வாங்கிவிடுங்கள். அந்த எண்ணைச் சபையில் வாசிக்கலாம்.

தள்ளுவண்டிக்காரர்களை மட்டும் குறிவைக்க வேண்டாம் என்பேன். அவர்களுக்கு 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது, அவர்கள் விஷயத்தைப் பார்க்க நகர விற்பனைக் குழு இருக்கிறது. அகலத்தைத் தின்பது பெரும்பாலும் கடைகளின் படிக்கட்டும் ஜெனரேட்டரும்.

சபையில் வேலை நடக்கவில்லையென்றால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருக்கிறது. சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். விசாரணையில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. அவர் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையை அந்த அலுவலகம் மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையில் நடக்கும் உரிமை, உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசமைப்பின் 21-வது பிரிவுக்குள் அடங்கும் என்றது. நடைபாதை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்றும் சொன்னது. மனுவில் இந்த வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளைத் தேர்தலில்லாமல் நியமிக்கத் தமிழகம் 2025-ல் சட்டம் திருத்தியது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், மனுவின் நகல் அவருக்கும் போகட்டும்.

கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். நீங்கள் சொன்னது பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். காட்ட மறுத்தால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி நகல் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். பதிவேட்டில் எங்கள் 58 செ.மீ. இருந்தது. பில்லர் பாக்ஸ் இன்னும் நகரவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டு தூண்களைப் பிடுங்கிவிட்டார்கள்.