தஞ்சாவூர் வரை வரும் கொடைக்கானல் பாட்டு

"எங்கள் ஊர் எஃப்எம் பைபாஸைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதுமே கரகரக்கிறது. 100.5-இல் வரும் கொடைக்கானல் பண்பலை மட்டும் திருச்சியில் எப்படிக் கேட்கிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

பாதி பதில் எளிது: உயரம். மத்திய அலை (மீடியம் வேவ்) தரையோடு ஒட்டிப் போகும், இரவில் மேல்வானில் மின்னூட்டம் பெற்ற அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பியும் வரும். பண்பலைக்கு அந்த வசதி கிடையாது. ஏறக்குறைய நேர்கோட்டில் போய், பூமி வளையும் இடத்தில் நம் தலைக்கு மேலே கடந்துவிடும். 100 மீட்டர் கோபுரத்தின் தொடுவானம் 36 கிலோமீட்டர்தான். சமவெளியிலிருந்து 2,000 மீட்டர் மேலே நின்றால் 160. திருச்சி வந்துவிட்டது.

ஆனால் தஞ்சாவூர்? நேர்கோட்டில் கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். மொட்டைமாடி ஏரியலையும் சேர்த்தாலும் கணக்கு 171-இல் நின்றுவிடுகிறது. மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்கிறது. அழகே இங்கேதான்!

தரையருகே காற்றின் ஒளிவிலகல் எண், அதாவது வெற்றிடத்தைவிட அலை எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்ற கணக்கு, சுமார் 1.0003. மேலே போகப் போக அதுவும் குறையும். அலையின் கீழ்ப்பகுதி அடர்ந்த, ஈரமான காற்றில் துளி மெதுவாகவும் மேல்பகுதி துளி வேகமாகவும் போகின்றன. ஒரு மாடு மட்டும் தளர்ந்தால் வண்டி அந்தப் பக்கமே திரும்புமே, அப்படி அலை பூமியை நோக்கி மெல்ல வளைகிறது. இதனால் வானொலிக்குப் பூமியின் ஆரம் 6,370-க்குப் பதில் 8,500 கிலோமீட்டர் போல ஆகிவிடுகிறது. இப்போது எல்லை 197. நடுவில் குன்று எதுவும் மறைக்காவிட்டால் தஞ்சையும் உள்ளே.

நான்காம் தசம இடத்தில் நடக்கும் சமாச்சாரம் இது!

சில நாட்களில் கடல்மேல் ஈரக்காற்றும் அதன் மேலே வறண்ட வெப்பக்காற்றும் படிந்து நிற்கும். அப்போது அலை பூமியைவிட அதிகமாக வளைந்து, அந்த அடுக்குக்குள்ளேயே சிக்கி வெகுதூரம் ஓடும். வேதாரண்யம் பக்கம் இலங்கையின் தொலைதூர நிலையங்கள்கூட உள்ளூர் நிலையம்போலத் துல்லியமாகக் கேட்பது அப்படித்தான். சிலர் இதற்கும் அமாவாசைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அமாவாசையை விடுங்கள், ஈரப்பதத்தைப் பாருங்கள்.

இந்த அடுக்குகளை அளக்க வானிலைத் துறை காலை, மாலை 5:30 மணி வாக்கில் கருவி கட்டிய பலூன்களை விடுகிறது. என்னைக் கேட்டால், கடலோரப் பள்ளிகளுக்கு ஆளுக்கொரு எஃப்எம் பெட்டியும் நோட்டும் கொடுத்து, எந்த நிலையம் என்றைக்குக் கேட்டது என்று எழுதவைக்கலாம்.